விட்ட இடம் வேறு, தொடும் இடம் வேறு



“பல ஆண்டுகளுக்கு முன் விட்டுவிட்ட சைக்கிளை மீண்டும் எடுத்து ஓட்டலாமா, சாமி?” என்று நம்மிடம் கேட்போர் அண்மைக் காலத்தில் பெருகி வருகின்றனர். கேட்போர் இளைஞரல்லர். நாற்பதையும் ஐம்பதையும் கடந்த குடும்பத் தலைவர்கள். இளமையில் பள்ளிக்கும் கல்லூரிக்கும் ஆலைக்கும் நாள்தோறும் பத்துக் கல் தொலைவை மூச்சிறைக்காமல் மிதித்துக் கடந்தவர்கள். பிறகு மோட்டார் சைக்கிள் வந்தது. பதவி உயர்வு வந்தது. நாற்காலியை விட்டு எழாமலே செய்யும் வேலை வந்தது. வயிறு சற்றே முன்னுக்கு வந்தது. இறுதியில் மருத்துவர் எழுதித் தந்த சீட்டில் சர்க்கரை, இரத்த அழுத்தம் என்ற இரு சொற்களும் வந்து சேர்ந்தன.

ஆகவே இக்கேள்வி பொழுதுபோக்கைப் பற்றிய கேள்வி மட்டுமன்று. ஒரு வீட்டின் உலைப்பானை ஒருவருடைய இதயத்துடிப்பை நம்பியிருக்கிறது. மகளின் திருமணமும் மகனின் படிப்பும் அந்த உடலின் நலத்தை நம்பியிருக்கின்றன. இத்தகையவர் மீண்டும் சாலையில் இறங்குவது நன்று, மிகவும் நன்று. ஆனால் எவ்வாறு இறங்குகிறார் என்பதைப் பொறுத்தே அது மருந்தாவதும் தீங்காவதும் அமையும். எனவே இத்திங்கள் இப்பொருளை எடுத்துக்கொண்டோம்.

மிதிவண்டியைப் பற்றி எழுதுவது பங்குக் குருவின் வேலையா என்று சிலர் வினவக்கூடும். நம் உடல் பரிசுத்த ஆவியின் ஆலயம் என்று கற்பித்த புனித சின்னப்பரே, விளையாட்டு வீரரின் கட்டுப்பாட்டையும் பயிற்சியையும் விசுவாச வாழ்வுக்கு உவமையாக எடுத்துக்கொண்டார். இத்தாலி நாட்டில் கோமோ ஏரிக்கு அருகே கிசல்லோ என்னும் குன்றின்மேல், 754 மீட்டர் உயரத்தில், சிறிய மாதா கோவில் ஒன்று உள்ளது. மேட்டில் ஏறிக் களைத்து வரும் சைக்கிள் வீரர்கள் அங்கே இறங்கிச் செபிப்பது வழக்கம். 1949-ஆம் ஆண்டு திருத்தந்தை 12-ஆம் பத்திநாதர் அந்தக் கிசல்லோ மாதாவைச் சைக்கிள் ஓட்டுவோரின் பாதுகாவலியாக அறிவித்தார். எனவே தேவதாயின் காவலில் உள்ள ஒரு பொருளைப் பற்றியே பேசுகிறோம், குற்றமில்லை.

நினைவு செய்யும் இரு சூழ்ச்சிகள்

சைக்கிள் பழகியவனுக்கு அது மறக்காது என்பார்கள். உண்மைதான். சமநிலை காத்து ஓட்டும் திறமை மூளையில் ஒருமுறை பதிந்துவிட்டால், இருபது ஆண்டுகள் கழித்து ஏறினாலும் பத்து நிமிடத்தில் கைக்கு வந்துவிடும். ஆனால் அவ்வுண்மைக்குள் ஓர் ஆபத்து மறைந்திருக்கிறது. ஓட்டும் திறமை மறக்கவில்லை. ஆதலால் உடல் முழுவதுமே மறக்கவில்லை என்று மனம் எண்ணிக்கொள்கிறது. சீட்டில் அமர்ந்த மறுகணமே இருபத்தைந்து வயது நினைவு வந்து ஹேண்டில் பாரைப் பற்றிக்கொள்கிறது. “பத்துக் கல் தொலைவு உனக்கு ஒரு பொருட்டா?” என்று தூண்டுகிறது. இது நினைவு செய்யும் முதல் சூழ்ச்சி.

ஐந்தாவது நிமிடத்தில் ஒரு பாலத்தின் ஏற்றம் எதிர்ப்படுகிறது. மூச்சு இறைக்கிறது, தொடை எரிகிறது, கண் இருளுகிறது. உடனே அதே நினைவு வேறு குரலில் பேசத் தொடங்குகிறது: “அன்று எப்படி இருந்தாய், இன்று எப்படி ஆகிவிட்டாய்! இனி உன்னால் ஆகாது.” இது இரண்டாவது சூழ்ச்சி. முதலாவது ஆணவம், இரண்டாவது அவநம்பிக்கை. இரண்டும் ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள். இவற்றுக்கு இடையில் அகப்பட்டே, ஆவலோடு வாங்கப்பட்ட பல கியர் சைக்கிள்கள் மூன்றாம் வாரத்தில் மாடிப்படிக்கு அடியில் துணி உலர்த்தும் கொடியாக மாறிவிடுகின்றன.

உடலினுள் நடப்பதைச் சற்று அறிந்துகொண்டால் இச்சூழ்ச்சிகள் நம்மை ஏமாற்றா. பயிற்சியை நிறுத்தியதும் முதலில் குறைவது இரத்தத்தின் நீர்ப்பகுதி. ஓரிரு வாரங்களிலேயே அது குறைகிறது. ஆகவே இதயம் ஒரு துடிப்பில் தள்ளும் இரத்தத்தின் அளவும் குறைந்து, அதே வேலைக்கு அது பலமுறை துடிக்க வேண்டியதாகிறது. அடுத்து, தசைகளுக்குள்ளே உணவையும் பிராணவாயுவையும் ஆற்றலாக மாற்றும் நுண்ணிய உறுப்புகள் மெலிவடைகின்றன. ஆண்டுகள் செல்லச் செல்லத் தசையே சுருங்கி, அதன் இடத்தைக் கொழுப்பு பிடித்துக்கொள்கிறது.

பயிற்சிக்குத் திரும்பும்போது இவை யாவும் ஒரே வேகத்தில் திரும்புவதில்லை என்பதே நாம் கருத்தில் கொள்ள வேண்டியது. இரத்தத்தின் அளவு விரைவில் ஏறிவிடும். மூச்சும் சில வாரங்களில் சீர்ப்படும். தசை அதற்குப் பின்னர் வலுப்பெறும். தசையை எலும்போடு பிணைக்கும் தசைநாண்களும் மூட்டுகளும் எல்லாவற்றுக்கும் கடைசியிலேயே உறுதிப்படும். ஆதலால் முதல் நாளைவிட நான்காவது, ஐந்தாவது வாரமே அதிக எச்சரிக்கைக்கு உரியது. அப்போது மூச்சு “இன்னும் வேகமாகப் போ” என்கிறது. முழங்காலோ இன்னும் ஆயத்தமாகவில்லை. மூச்சின் பேச்சைக் கேட்டு முழங்காலை வருத்திக்கொண்டவர் பலர்.

டாலஸ் நகரத்து ஐவர்

“ஐம்பது வயதுக்குமேல் இழந்தது திரும்புமா?” என்று கேட்பவருக்கு ஓர் உண்மை வரலாற்றைச் சொல்ல விரும்புகிறோம். 1966-ஆம் ஆண்டு, அமெரிக்க நாட்டில் டெக்சாஸ் மாநிலத்தின் டாலஸ் நகரில், 20 வயதுள்ள நலமான இளைஞர் ஐவரை மருத்துவ ஆராய்ச்சியாளர்கள் மூன்று வாரம் படுக்கையிலேயே கிடக்கச் செய்தார்கள். பிராணவாயுவை ஏற்றுப் பயன்படுத்தும் அவர்களுடைய ஆற்றல் அந்த மூன்று வாரத்தில் நான்கில் ஒரு பங்குக்கும் மேலாக வீழ்ச்சியடைந்தது. பிறகு பயிற்சி தந்து அவர்களைத் தேற்றினார்கள்.

முப்பது ஆண்டுகள் கழித்து, 1996-ஆம் ஆண்டு, அதே ஐவரையும் மீண்டும் அழைத்துச் சோதித்தார்கள். இப்போது அவர்களுக்கு வயது ஐம்பது. உடல் எடை ஏறியிருந்தது. உடலில் கொழுப்பின் பங்கு 14 விழுக்காட்டிலிருந்து 28 விழுக்காடாக இரட்டித்திருந்தது. ஆனால் வியப்பு இதுதான்: முப்பது ஆண்டுகளின் முதுமை அவர்களுடைய மூச்சாற்றலில் செய்த சேதத்தைவிட, இருபது வயதில் மூன்று வாரம் படுத்திருந்தது செய்த சேதமே பெரிதாக இருந்தது! வயதைவிடச் சோம்பலே நம்மை அதிகமாகத் தின்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டுமோ?

அந்த ஐவருக்கும் ஆறு மாதப் பயிற்சி தரப்பட்டது. நடையும் மெல்லோட்டமும் நிலையான சைக்கிளை மிதிப்பதுமே பயிற்சி. மிகக் குறைவாகத் தொடங்கி, சிறிது சிறிதாக ஏற்றி, ஆறாம் மாத இறுதியில் வாரத்துக்கு ஏறக்குறைய நான்கரை மணி நேரம் என்ற அளவுக்குக் கொண்டுவந்தார்கள். விளைவு என்ன? முப்பது ஆண்டுகளில் இழந்த மூச்சாற்றல் முழுவதும் திரும்பிற்று. ஐம்பது வயதினர் தம் இருபது வயதில், பயிற்சி ஏதும் பெறுமுன் இருந்த நிலையை எட்டினார்கள். ஆயினும் இருபது வயதில் பயிற்சி பெற்றபின் அடைந்திருந்த உச்சத்தை அவர்களில் ஒருவரும் எட்டவில்லை. எடையும் பெரிதாகக் குறையவில்லை. சில கிலோ மட்டுமே இறங்கிற்று.

இவ்வரலாற்றில் நாம் கருத வேண்டிய மற்றொரு செய்தியும் உண்டு. ஐம்பது வயதில் அவர்கள் பெற்ற முன்னேற்றம் இதயம் அதிக இரத்தத்தைத் தள்ளியதால் வந்ததன்று. வந்த இரத்தத்திலிருந்து பிராணவாயுவை முன்னைவிடத் திறம்பட எடுத்துக்கொள்ளத் தசைகள் கற்றுக்கொண்டதாலேயே வந்தது. கொடுக்கப்பட்டது கூடவில்லை, கொடுக்கப்பட்டதைப் பயன்படுத்தும் ஆற்றல் கூடிற்று. தாலந்து உவமையை அறிந்த நமக்கு இதற்கு விளக்கம் தேவையில்லை.

இரண்டு சைக்கிள் வீரர்கள்

டாலஸ் நகரத்து ஐவரும் ஆய்வுக்கூடத்தில் பயிற்சி பெற்றவர்கள். சாலைக்கே திரும்பிய ஒருவரைப் பார்ப்போம். பிரான்சு நாட்டு ராபர்ட் மார்ஷான் 1911-ஆம் ஆண்டு பிறந்தவர். இளமையில் சைக்கிள் பந்தயங்களில் கலந்துகொண்டார். பின்னர் வாழ்க்கை அவரைப் பல திசைகளுக்கு இழுத்துச் சென்றது. தீயணைப்புப் படை, வெனிசுவேலா, கனடா, மீண்டும் தாயகத்தில் தோட்ட வேலை என்று பல பத்தாண்டுகள் ஓடின. சைக்கிளுக்கு அவர் ஊன்றித் திரும்பியபோது வயது ஏறக்குறைய 67.

அன்று முதல் அவர் விடவில்லை. 2012-ஆம் ஆண்டு, நூறு வயதில், ஒரு மணி நேரத்தில் 24 கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான தொலைவை ஓட்டினார். அதன்பின் இரண்டு ஆண்டுகள் முறையான பயிற்சி பெற்று, 2014-ஆம் ஆண்டு, 102 வயதில், அதே ஒரு மணி நேரத்தில் 26.9 கிலோமீட்டரைக் கடந்தார். அவருடைய மூச்சாற்றல் அப்பயிற்சியால் 13 விழுக்காடு உயர்ந்திருந்ததை அறிஞர்கள் அளந்து பதிவு செய்தனர். அவர் 2021-ஆம் ஆண்டு தம் 109-ஆம் வயதில் இறைவனடி சேர்ந்தார்.

அவருக்குத் தரப்பட்ட பயிற்சி எத்தகையது தெரியுமா? ஆண்டுக்கு 5,000 கிலோமீட்டர். அதில் 80 விழுக்காடு மிக எளிதான மெதுவான ஓட்டம். 20 விழுக்காடு மட்டுமே கடின முயற்சி. நம்மவர் செய்வதோ இதற்கு நேர்மாறு. நாள்தோறும் நாக்குத் தள்ளும்வரை மிதித்தால்தான் பயிற்சி என்று எண்ணுகிறோம். உலகச் சாதனை படைத்தவரே ஐந்தில் நான்கு பங்கு மெதுவாக ஓட்டினார் என்றால், நமக்கு அவசரம் எதற்கு?

மற்றொருவர் நம் திருச்சபைக்கு அணிசெய்த ஜீனோ பார்த்தாலி. புளோரன்சு நகரை அடுத்த சிற்றூரில் பிறந்தவர்; கார்மேல் மூன்றாம் சபையைச் சேர்ந்தவர். 1938-ஆம் ஆண்டு பிரான்சுப் பெரும் பந்தயத்தில் வாகை சூடினார். அடுத்து உலகப் போர் வந்து, ஒரு வீரனின் மிகச் சிறந்த ஆண்டுகளை விழுங்கிவிட்டது. அப்போர்க்காலத்தில் யூத மக்களைக் காக்கும் பணியில் அவர் துணைநின்றமையை 2013-ஆம் ஆண்டு எருசலேமின் யாத் வாஷேம் நினைவு நிறுவனம் ஏற்றுச் சிறப்பித்தது. 1948-ஆம் ஆண்டு அதே பந்தயத்துக்கு அவர் திரும்பியபோது, ஒரு கட்டத்தில் முதலிடத்தில் இருந்தவரைவிட 21 நிமிடங்களுக்கு மேல் பின்தங்கியிருந்தார். பின்னர் ஆல்ப்ஸ் மலைப் பகுதியில் தொடர்ந்து மூன்று கட்டங்களை வென்று, முதல் வெற்றிக்குச் சரியாகப் பத்து ஆண்டுகள் கழித்து, 34 வயதில், மீண்டும் வாகை சூடினார். இடைவெளி நீண்டது என்பதற்காகப் பாதை முடிந்துவிட்டது என்று பொருளல்ல.

தொடங்கும் முறை

இனிச் செய்ய வேண்டியவற்றைப் பார்ப்போம். முதலாவதாக, மருத்துவரைக் காணுங்கள். நாற்பது வயதைக் கடந்தவர், சர்க்கரை அல்லது இரத்த அழுத்தம் உள்ளவர், புகைப்பழக்கம் உள்ளவர், குடும்பத்தில் மாரடைப்பு கண்டவர் ஆகியோர் இதைத் தவிர்க்கவே கூடாது. இன்சுலின் அல்லது சர்க்கரையைக் குறைக்கும் மாத்திரை எடுப்போருக்கு ஓட்டத்தின்போதோ அதற்குப் பின்னரோ சர்க்கரை அளவு திடீரென்று தாழக்கூடும். சட்டைப் பையில் சில மிட்டாய்கள் எப்போதும் இருக்கட்டும்.

இரண்டாவதாக, சைக்கிளைச் சோதியுங்கள். ஆண்டுக்கணக்கில் நின்ற வண்டியின் டயர் வெளிப்பார்வைக்கு நன்றாகத் தோன்றினும் ரப்பர் வெடித்திருக்கும். பிரேக் கட்டை இறுகிக் கல்லாகியிருக்கும். பிரேக் கம்பி உள்ளுக்குள் துருப்பிடித்திருக்கும். காற்றடித்து, எண்ணெய் விட்டுப் புறப்படுவது போதாது. கடையில் ஒருமுறை முழுமையாகப் பார்த்துவிடுங்கள்.

மூன்றாவதாக, சீட்டின் உயரம். நம் ஊரில் பெரும்பாலோர் காலை எளிதில் தரையில் ஊன்றவேண்டும் என்று சீட்டை மிகவும் தாழ்த்தி வைக்கின்றனர். முழங்கால் வலிக்கு இதுவே பெருங்காரணம். சீட்டில் அமர்ந்து, குதிகாலைப் பெடலின்மேல் வைத்து, பெடல் அடியில் இருக்கும்போது கால் நேராக நீள வேண்டும். பின்பு பாதத்தின் முன்பகுதியால் மிதிக்கும்போது முழங்கால் சிறிதே மடங்கியிருக்கும். அதுவே தக்க உயரம். முதல் இரண்டு வாரம் அமருமிடம் வலிக்கும். அஞ்ச வேண்டாம், அது பழகிவிடும். ஆனால் முழங்காலின் வலியை வலிந்து பொறுத்துக்கொள்வது வீரமன்று.

நான்காவதாக, அளவு. முதல் இரண்டு வாரம் வாரத்துக்கு மூன்று நாள், நாளுக்கு 20 நிமிடம், சமதரையில் மட்டும். அடுத்த இரண்டு வாரம் 30 நிமிடம். இரண்டாம் மாதம் 40 நிமிடம். மூன்றாம் மாதம் வாரத்துக்கு நான்கு நாள். இந்நிலையில், பெரியவர்களுக்கு வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிட மிதமான உழைப்பு வேண்டும் என்று உலக நலவாழ்வு நிறுவனம் கூறும் அளவை நீங்கள் எட்டிவிடுகிறீர்கள். அதற்குமேல் விரும்புவோர் ஆறாம் மாதத்துக்குள் ஒரு நாள் ஓட்டத்தை மட்டும் ஒன்றரை மணி நேரம்வரை நீட்டலாம். ஒவ்வொரு நான்காவது வாரமும் அளவில் மூன்றில் ஒரு பங்கைக் குறைத்துக்கொள்ளுங்கள். உடல் வலுப்பெறுவது மிதிக்கும்போதன்று. மிதித்தபின் ஓய்ந்து உறங்கும்போதே.

ஐந்தாவதாக, வேகம். இதற்குக் கருவி எதுவும் வேண்டாம். ஓட்டிக்கொண்டே ‘அருள் நிறைந்த மரியே’ செபத்தை, இடையில் ஒருமுறை மட்டும் மூச்சு வாங்கி, வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். சொல்ல முடிந்தால் வேகம் சரியானது. சொல்லுக்குச் சொல் மூச்சு வாங்கினால் வேகம் அதிகம், குறைத்துக்கொள்ளுங்கள். (செபமாலை மணிகள் சட்டைப் பையிலேயே இருக்கட்டும், கைகள் ஹேண்டில் பாரில் இருக்கட்டும்!) கியர் உள்ளவர்கள் எளிதான கியரில் கால்கள் விரைவாகச் சுழலுமாறு மிதிப்பது முழங்காலுக்கு நல்லது. மூன்றாம் மாதம் முதல் வாரத்தில் ஒரு நாள் மட்டும், ஒரு நிமிடம் விரைவாகவும் மூன்று நிமிடம் மெதுவாகவும் நான்கைந்து முறை மாற்றி ஓட்டலாம். அல்லது பாலத்தின் ஏற்றத்தில் மூன்று முறை ஏறி இறங்கலாம். மற்ற நாள்களில் மெதுவே. பள்ளிக்குச் செல்லும் சிறுமி ஒருத்தி மணியடித்து உங்களைக் கடந்து செல்வாள். செல்லட்டும்! வாழ்த்தி வழிவிடுங்கள். அந்த ஒரு கணத்தின் பணிவு அன்றைய பயிற்சியில் பாதி.

ஆறாவதாக, எச்சரிக்கை. நெஞ்சில் இறுக்கம், இடது கைக்கோ தாடைக்கோ பரவும் வலி, தலைச்சுற்றல், காரணமில்லாத குளிர்ந்த வியர்வை ஆகியவற்றில் எது தோன்றினாலும் உடனே இறங்கி, நிழலில் அமர்ந்து, உதவிக்கு ஆள் அழையுங்கள். “வீட்டுக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம்” என்ற எண்ணம் பல வீடுகளில் விளக்கை அணைத்திருக்கிறது. வெயிலுக்கு முன் வீடு திரும்புங்கள். தண்ணீரைத் தாகம் எடுக்குமுன் சிறிது சிறிதாகப் பருகுங்கள். ஒரு மணி நேரத்துக்கு மேற்பட்ட ஓட்டத்துக்கு உப்பிட்ட மோர் நன்று. இரத்த அழுத்தம் உள்ளோர் உப்பைக் குறித்து மருத்துவர் சொல்லைக் கேட்கட்டும். தலைக்கவசமும் முன்னும் பின்னும் விளக்கும் இன்றி இருளில் இறங்க வேண்டாம். அரை மணி நேரம் ஓட்டிவிட்டு உணவகத்தில் நான்கு பூரிகளைத் தின்பவர், வண்டி முன்னே போக எடை பின்னே வருவதைக் காண்பார்.

வீட்டாரும் ஞாயிறும்

தந்தை நலம்பெற வேண்டும் என்பதற்காகத் தாய் ஐந்து மணிக்கு எழுந்து, தேநீர் வைத்து, ஒன்பது மணிவரை ஒருத்தியாக எல்லா வேலையையும் சுமந்தால், அது ஒருவரின் நலத்தை மற்றொருவரின் உடலிலிருந்து எடுத்துக்கொள்வதாகும். சைக்கிளுக்கு எடுக்கும் நேரத்தை உறக்கம் கெட விழித்துப் பார்க்கும் தொலைக்காட்சியிலிருந்தும் கைப்பேசியிலிருந்தும் எடுங்கள். மனைவியின் நேரத்திலிருந்து எடுக்காதீர்கள். அதனினும் நன்று, அவரையும் அழையுங்கள். 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடந்தபோது, எழுத்தோடு சைக்கிளையும் ஆயிரக்கணக்கான பெண்கள் கற்றுக்கொண்டது நாடறிந்த செய்தி. அன்று இளம் பெண்களாய் இருந்தோர் இன்று ஐம்பதையும் அறுபதையும் கடந்தவர்கள். சர்க்கரையும் மூட்டு வலியும் ஆண்களை மட்டுமா தேடி வருகின்றன? அவர்களுக்கும் அந்தச் சாலை உரியதே.

மற்றொன்றையும் சொல்லியாக வேண்டும். நண்பர் குழுக்கள் நீண்ட ஓட்டத்துக்கு ஞாயிறு காலையையே தேர்ந்துகொள்வதால் திருப்பலியைத் தவறவிடுவோர் உண்டு. நீண்ட ஓட்டத்தைச் சனிக்கிழமைக்கு மாற்றிக்கொள்ளுங்கள். இயலாவிடில் சனி மாலைத் திருப்பலிக்கு வாருங்கள். கோவிலுக்கே சைக்கிளில் குடும்பமாக வந்தால் இன்னும் மகிழ்வோம். வண்டி நிறுத்த மரநிழல் உண்டு.

மீண்டும் விட நேர்ந்தால்

இவ்வளவும் செய்தபின் ஒரு நாள் காய்ச்சல் வரும். அல்லது பத்து நாள் அடைமழை பிடிக்கும். அல்லது வீட்டில் திருமணம் நடக்கும். பயிற்சி விட்டுப்போகும். அப்போது நினைவின் இரு சூழ்ச்சிகளும் மறுபடி வந்து நிற்கும். ஒன்று, “விட்ட இடத்திலிருந்தே பிடி” என்னும். மற்றொன்று, “எல்லாம் போயிற்று, விட்டுவிடு” என்னும். இரண்டையும் கேளாதீர்கள். இரண்டு வாரம் விட்டுப்போனால் முன்பு ஓட்டியதில் பாதியிலிருந்து தொடங்குங்கள். இரண்டு மாதம் விட்டுப்போனால் 20 நிமிடத்துக்கே திரும்புங்கள். விட்ட இடம் வேறு. தொடும் இடம் வேறு. இதை ஒப்புக்கொள்பவர் எத்தனை முறை விட்டாலும் மீண்டும் தொடுவார். அடிமேல் அடி வைத்தால் அம்மியும் நகரும் என்று நம் முன்னோர் சும்மாவா சொன்னார்கள்?

பத்து ஆண்டு, இருபது ஆண்டு பாவசங்கீர்த்தனத்தை அணுகாதிருந்தோர் சிலர் இந்த வரிகளைப் படிக்கக்கூடும். அவர்களையும் இதே இரு குரல்களே தடுத்துக்கொண்டிருக்கின்றன. “நான் ஒரு காலத்தில் நாள்தோறும் பூசை கண்டவன், எனக்கு என்ன குறை?” என்பது ஒன்று. “இத்தனை ஆண்டுக்குப் பின் எந்த முகத்தோடு போவேன்?” என்பது மற்றொன்று. ஊதாரி மைந்தன் தந்தையின் வீட்டுக்குத் திரும்பியபோது, தான் விட்டுச்சென்ற மகன் என்ற இடத்தைக் கோரவில்லை. வேலையாள் என்ற இடத்திலிருந்து தொடங்கவும் துணிந்திருந்தான். அவன் மெல்ல நடந்தே வந்தான். ஓடி வந்தவர் தந்தை.

ஆகவே அன்பர்களே, மாடிப்படிக்கு அடியில் உள்ள சைக்கிளின் தூசியைத் தட்டுங்கள். மருத்துவரிடம் கேளுங்கள். பழுதைப் பாருங்கள். நாளைக் காலை 20 நிமிடம் மட்டும், வீட்டிலிருந்து 10 நிமிடம் போய், 10 நிமிடத்தில் திரும்புங்கள். அதற்குமேல் போக ஆசை எழும். அந்த ஆசையை நாளை மறுநாளுக்குச் சேமித்து வையுங்கள். கிசல்லோ மாதா உங்கள் சாலைகளைக் காப்பாராக; நம் ஆண்டவர் உங்கள் இல்லங்களில் உடல் நலத்தையும் உள்ள அமைதியையும் பெருகச் செய்வாராக.